இன்னொரு கிடார் எதற்கு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்கள் அக்கூஸ்டிக் கிடார் ஒன்றையும் வைத்திருக்க வேண்டுமா?

கிடார் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்தக் கேள்வி மாணவர்களைவிட அவர்கள் வீட்டாரிடமிருந்துதான் அதிகம் வரும். "சார், கிடார் வாங்கினோம், ஆம்ப் வாங்கினோம், பெடல் வாங்கினோம். இப்போது இன்னொரு கிடார் வேண்டும் என்கிறாள். ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" கேட்பதில் தவறே இல்லை. காசு கொடுக்கிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவன் ஒழுங்காகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டும். எலெக்ட்ரிக் வாசிக்கிறவர்களிடம் ஓர் அக்கூஸ்டிக் இருக்க வேண்டும். ஆனால் ஊரெல்லாம் சொல்கிற காரணத்துக்காக வேண்டாம்.

ஊரெல்லாம் சொல்கிற காரணம் என்ன? விரல் பலம். "அக்கூஸ்டிக்கில் கஷ்டப்பட்டுப் பழகினால் எலெக்ட்ரிக் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. எலெக்ட்ரிக்கில் நாம் பெரும்பாலும் மாட்டுகிற முதல் தந்தி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 9 அல்லது 10 பங்கு கனம். அக்கூஸ்டிக்கில் மாட்டுவது 12 பங்கு. சுருதி கூட்டி நிறுத்தினால் எலெக்ட்ரிக்கின் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுப்பது சுமார் 45 கிலோ. அக்கூஸ்டிக்கில் அது 70 கிலோவைத் தாண்டும். விரலுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி சில வாரங்களில் காய்ப்புக் காய்த்துப் போய்விடுகிறது. அந்தச் சில வாரங்களுக்காக ஒரு கருவி வாங்க வேண்டுமா? விரலுக்குத் தண்டனை கொடுப்பதற்காக ஒரு கருவியா? அந்த எண்ணத்தோடு வாங்கப்பட்ட அக்கூஸ்டிக் கிடார்கள் எத்தனை வீடுகளில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன! தண்டனையை யார்தான் விரும்பி எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்?

இன்னொரு காரணமும் சொல்வார்கள். அக்கூஸ்டிக்தான் அசல், எலெக்ட்ரிக் அதற்கு மின்சாரம் கொடுத்த நகல், அதனால் அசலைக் கற்காமல் நகலுக்குப் போகாதே என்று. இதை நான் முழுக்க மறுக்கிறேன். ஏன் மறுக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1930-களின் அமெரிக்காவுக்கு வாருங்கள். பெரிய நடன அரங்குகள். மேடையில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஜாஸ் குழு. டிரம்பெட் ஒரு வரிசை, சாக்ஸபோன் ஒரு வரிசை, நடுவில் டிரம்ஸ். அந்தக் கூட்டத்தின் மூலையில் ஒருவர் கிடாரை வைத்துக்கொண்டு தாளத்துக்குக் கார்டு அடித்துக்கொண்டிருப்பார். அவர் தனியாக ஒரு சுரவரிசை வாசித்தால் யார் காதில் விழும்? பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்காது.

அந்தக் காலத்தில்தான் ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி ஒரு சுருள் செய்தார்கள். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும்; அது அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும்; அந்த மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் தந்தியின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும். இதுதான் பிக்கப். இன்று உங்கள் கிடாரிலும் அடிப்படையில் அதேதான். 1936-இல் கிப்ஸன் நிறுவனம் இ.எஸ்-150 என்ற கிடாரைக் கொண்டுவந்தது. 1939-இல் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அந்த வகைக் கிடாரோடு பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார்.

சேர்ந்து என்ன செய்தார்? கார்டை இன்னும் சத்தமாக அடித்தாரா? இல்லை. சாக்ஸபோன்காரர் எழுந்து நின்று ஊதுகிற மாதிரி, ஒற்றைச் சுரங்களைக் கோத்து நீளநீளமான வரிகளாக வாசித்தார். மூலையிலிருந்த கிடார் முன்வரிசைக்கு வந்தது. 1942-இல், 25 வயதில், அவர் இறந்துபோனார். குட்மேனோடு சேர்ந்ததிலிருந்து கணக்கிட்டால் மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் ஒரு புதுக் கருவி பிறந்துவிட்டது. கவனியுங்கள், புதுக் கருவி! நகல் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். எலெக்ட்ரிக் தனிக் கருவி என்றால், அதை வாசிக்கிறவருக்கு அக்கூஸ்டிக் எதற்கு? சாக்ஸபோன் வாசிக்கிறவரைப் பார்த்து நீ புல்லாங்குழலும் வாங்கு என்று யாராவது சொல்கிறோமா?

இங்கேதான் என் பேச்சின் மையம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கருவிகள். ஆனால் அதே ஆறு தந்தி, அதே சுருதி, அதே ஃப்ரெட் வரிசை, அதே கார்டு வடிவம். எலெக்ட்ரிக் வாசிக்கத் தெரிந்த ஒருவர் புதிதாக ஓர் எழுத்துகூடப் படிக்காமல் முற்றிலும் வேறொரு கருவிக்குள் நுழைந்துவிடலாம். வேறெந்த வாத்தியக்காரருக்கு இந்த வசதி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? நுழைந்த பிறகுதான் தெரியும், தன் கை அதுவரை எதைச் செய்யாமலே இருந்தது என்று.

கேளுங்கள். முதலில் எலெக்ட்ரிக்.

[எலெக்ட்ரிக் கிடாரில், ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் வைத்து, ஒரே சுரம் மெதுவாகவும் பிறகு ஓங்கியும் வாசித்துக் காட்டப்பட்டது.]

மெதுவாகத் தொட்டதற்கும் ஓங்கி அடித்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் கேட்டது? கொஞ்சம்தான். டிஸ்டார்ஷனின் குணமே அது. சின்னதைத் தூக்கும், பெரியதை அமுக்கும், இரண்டையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் சுரம் அவ்வளவு நேரம் நின்று பாடுகிறது. கட்டை திடமான மரம். தந்தியின் சக்தி சீக்கிரம் எங்கும் ஒழுகிப் போவதில்லை. இப்போது நான் வாசிக்காத தந்திகளைக் கவனியுங்கள். என் வலது உள்ளங்கை பிரிட்ஜின் மேல் படுத்திருக்கிறது. இடது கையின் சும்மா இருக்கிற விரல்கள் மற்றத் தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கையை எடுத்தால்?

[கையை எடுத்ததும் எல்லாத் தந்திகளும் சேர்ந்து இரைந்தன.]

இதுதான் எலெக்ட்ரிக்கின் உழைப்பு. வேண்டாததை அடக்குவது. நல்ல எலெக்ட்ரிக் வாசிப்பில் பாதிக்கு மேல் இந்த அடக்கும் வேலைதான். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. இப்போது அக்கூஸ்டிக்.

[அக்கூஸ்டிக் கிடாரில் அதே சுரம் அதே இரண்டு விதமாக வாசித்துக் காட்டப்பட்டது.]

மெதுவாகத் தொட்டது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஓங்கி அடித்தது கேட்டிருக்கும். அடித்ததும் உடனே தேய்ந்ததையும் கேட்டிருப்பீர்கள். ஏன் தேய்கிறது? இந்த முகப்புப் பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். தந்தி தன் சக்தியை எல்லாம் இந்தப் பலகைக்குக் கொடுத்து, பலகை காற்றைத் தள்ளி, காற்று உங்கள் காதுக்கு வருகிறது. கொடுத்த சக்தி கொடுத்ததுதான், திரும்ப வராது. ஆகவே இங்கே உழைப்பு தலைகீழ். வேண்டியதை எழுப்புவது. ஒவ்வொரு சுரத்தையும், ஒவ்வொரு தடவையும், கையே எழுப்ப வேண்டும். எலெக்ட்ரிக் குழாய்த் தண்ணீர், அடைக்கத் தெரிய வேண்டும். அக்கூஸ்டிக் கிணற்றுத் தண்ணீர், இறைக்கத் தெரிய வேண்டும்.

அடக்கத் தெரிந்த கைக்கு எழுப்பத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. எலெக்ட்ரிக் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளிடம் அக்கூஸ்டிக்கைக் கொடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் காண்பது இதைத்தான். இடது கை பிரமாதமாக ஓடும். வலது கை எல்லாவற்றையும் ஒரே கனத்தில் அடித்துக்கொண்டே போகும். பாட்டில் எது முக்கியம், எது பின்னணி, எங்கே வரி முடிகிறது என்று ஒன்றும் தெரியாது. எலெக்ட்ரிக்கில் அதையெல்லாம் வால்யூமும் பெடலும் டிலேயும் பங்கிட்டுக்கொண்டன. இங்கே பங்கிட்டுக்கொள்ள ஆள் இல்லை. தந்தியை ஒலித்துளைக்கு நேராகத் தொட்டால் ஒரு குரல், பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல்கடை தள்ளித் தொட்டால் வேறொரு குரல், பிக்குக்குப் பதில் கட்டைவிரலின் சதையால் தொட்டால் மூன்றாவது குரல். இந்த மூன்றையும் ஒரே பாட்டுக்குள் வைத்து வாசிக்க ஆரம்பிக்கிற நாளில் அந்தப் பிள்ளையின் எலெக்ட்ரிக் வாசிப்பும் மாறுகிறது. ஆம்ப்பில் டிஸ்டார்ஷனைத் தாங்களாகவே குறைக்கிறார்கள். நான் சொல்லித்தான் என்றில்லை. கைக்குச் சொல்ல நிறைய இருக்கும்போது அதை மறைக்கிற சத்தம் அவர்களுக்கே பிடிக்காமல் போகிறது.

ஒரு சின்ன விஷயத்தையும் காட்டுகிறேன். கிடார் வைத்திருக்கிறவர்கள் உங்கள் மூன்றாவது தந்தியைப் பாருங்கள். எலெக்ட்ரிக்கில் அது வெறும் கம்பி, வழுவழுவென்றிருக்கும். அக்கூஸ்டிக்கில் அதே தந்திக்கு மேலே மெல்லிய வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். நகத்தால் வருடினால் கரகரக்கும். ஒரே பெயர், ஒரே சுருதி. ஆனால் ப்ளூஸ் வாசிக்கிற ஒவ்வொருவரும் எலெக்ட்ரிக்கில் ஒரு முழுச் சுரம் இழுத்து ஏற்றுகிற தந்தி இதுதான். அக்கூஸ்டிக்கில் அதே இழுப்பை இழுத்துப் பாருங்கள். அரைச் சுரம் ஏறுவதற்குள் விரல் கெஞ்சும். பழக்கமான வழி அடைபட்டுவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்? சறுக்கிப் போவீர்கள், விரலால் தட்டி ஏற்றுவீர்கள், திறந்த தந்தியைத் துணைக்கு அழைப்பீர்கள், இரண்டு சுரத்தைச் சேர்த்து வைப்பீர்கள். வழி அடைபட்ட இடத்தில்தான் புது வரிகள் பிறக்கின்றன.

இதை நான் சொன்னால் ஓர் ஆசிரியர் சொல்வதாக முடிந்துவிடும். பெரியவர்கள் கையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மடி வாட்டர்ஸ். மிஸிஸிப்பியில் பருத்தித் தோட்டத்து உழைப்பாளி. 1941-இல் நாட்டார் பாடல்களைத் தேடிவந்த ஆலன் லோமேக்ஸ் குழு, ஸ்டோவல் தோட்டத்தில் அவர் குடியிருப்புக்கே வந்து பதிவு செய்தபோது அவர் கையில் இருந்தது அக்கூஸ்டிக். 1943-இல் வேலை தேடி சிகாகோ போனார். சிகாகோவின் மதுக்கூடங்களில் ஒரே இரைச்சல். அங்கே அக்கூஸ்டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எலெக்ட்ரிக்கை எடுத்தார். அடுத்த பத்தாண்டுகளில் சிகாகோ ப்ளூஸ் என்ற பெரிய ஒலியையே அவரும் அவர் தோழர்களும் உண்டாக்கினார்கள். ராக் இசை என்று பிறகு உலகம் கொண்டாடியதன் வேர்களில் ஒன்று அது.

அதோடு கதை முடியவில்லை. 1963-இல், புகழின் உச்சியில், அவர் மறுபடியும் அக்கூஸ்டிக்கைக் கையில் எடுத்து ஒரு முழு இசைத்தட்டைப் பதிவு செய்தார். பெயர் 'ஃபோக் சிங்கர்'. 1964-இல் வெளிவந்தது. பக்கத்தில் இன்னோர் அக்கூஸ்டிக்கோடு உட்கார்ந்திருந்தவர் இளைஞர் பட்டி கை. அவரும் எலெக்ட்ரிக்கில் புயல் கிளப்புகிறவர். அந்த இசைத்தட்டைத் தயவுசெய்து இரவில், அமைதியாக, நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். ஒரு சுரம் விழும். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அறையின் காற்று கேட்கும். பிறகு அடுத்த சுரம். சிகாகோ மதுக்கூடத்தில் இருபது வருடம் உரத்து வாசித்த கை, எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறது! கிராமத்தில் வாசித்த அதே கைதான் என்று நான் சொல்ல மாட்டேன். எலெக்ட்ரிக்கில் பழுத்த கை அது. எலெக்ட்ரிக் அவருக்கு அடக்கக் கற்றுக்கொடுத்திருந்தது, அக்கூஸ்டிக் எழுப்பக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தத் தட்டில் இரண்டும் ஒருசேர உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து எரிக் கிளாப்டனின் 'லைலா'. கிடார் கற்கிற எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. 1970-இல் அது எலெக்ட்ரிக் கிடார்களின் கூச்சல், மனம் உடைந்த ஒருவனின் கூச்சல். டுவேன் ஆல்மனும் கிளாப்டனும் சேர்ந்து வாசித்த அந்தத் தொடக்கம் காதில் விழுந்தால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். 1992 ஜனவரியில் எம்.டி.வி.யின் 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சிக்காக அதே பாட்டை அக்கூஸ்டிக்கில் வாசிக்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதே தொடக்கத்தை அக்கூஸ்டிக்கில் அப்படியே வாசிப்பீர்கள். வாசித்தால் எப்படியிருக்கும் என்று கேளுங்கள்.

[வாசித்துக் காட்டப்பட்டது.]

மெலிந்துவிட்டது அல்லவா? நின்று அலற வேண்டிய சுரம் பிறந்ததுமே இறந்துவிடுகிறது. கிளாப்டன் அந்தத் தொடக்கத்தையே விட்டுவிட்டார். வேகத்தைக் குறைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாளத்தை ஷஃபிள் நடைக்கு மாற்றினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கதறிய அதே வரிகள் இப்போது நடுவயதுக்காரர் ஒருவர் நினைத்துப் பார்த்துச் சொல்கிற வரிகளாக ஆகிவிட்டன. அந்த வடிவத்துக்கு 1993-இல் கிராமி விருதும் கிடைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பமாக அந்த நிகழ்ச்சியின் இசைத்தட்டே தேர்வானது. அக்கூஸ்டிக் அவரிடம் கேட்டது என்ன? "இந்தப் பாட்டை வேறு விதமாக யோசி" என்று கேட்டது. பலம் காட்டு என்று கேட்கவில்லை.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 1968-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டுக்கு அக்கூஸ்டிக் கிடாரை அக்காலத்துச் சின்னக் கேஸட் ரெக்கார்டரில் பதிவு செய்தார். ஒலி அதற்குள் அடங்காமல் பிதுங்கி, ஒரு முரட்டுக் குரல் வந்தது. அதையே பாட்டில் வைத்துவிட்டார். கேட்கிறவர்கள் எலெக்ட்ரிக் என்றே நினைப்பார்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் 'அன்ப்ளக்டு' மேடைக்கு வந்தபோது மார்ட்டின் டி-18இ அக்கூஸ்டிக்கை ஆம்ப்புக்கும் பெடலுக்கும் இணைத்துத்தான் வாசித்தார். எலெக்ட்ரிக் வாசிக்கிறவர்கள் அக்கூஸ்டிக்கை எடுத்தால் பக்திமான்களாக மாறிவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் குணத்தை அதனிடம் கொண்டுபோங்கள். அது தாங்கும்.

இப்போது நம் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறேன். ஜான் மெக்லாஃப்ளின். 1971-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கிய ஆங்கிலேயர். இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிடார், காது கிழிகிற ஒலி, மின்னல் வேகம். எலெக்ட்ரிக்கின் எல்லைகளைத் தொட்டுவிட்டார் என்று உலகமே சொன்ன நேரம் அது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். அங்கே வயலின் எல். சங்கரின் நட்பும் கிடைத்தது. தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு நம் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன். 'சக்தி' பிறந்தது. எலெக்ட்ரிக்கைக் கீழே வைத்துவிட்டு அக்கூஸ்டிக்கோடு தரையில் வந்து உட்கார்ந்தார்.

ஏன்? கடத்தின் மேல் விழுகிற ஒரு விரலின் ஒலியோடு பேச வேண்டுமென்றால் ஆம்ப்போடு போய் உட்கார முடியுமா? அவர்கள் எழுப்புகிற அளவுக்கு இவரும் கையால் எழுப்ப வேண்டும். சக மனிதர்களின் கைக்குச் சமமாகத் தன் கையைக் கொண்டுவர வேண்டும். அந்த அக்கூஸ்டிக்கும் கடையில் கிடைக்கிற ஒன்றில்லை. ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்துகொடுத்தது. ஆறு தந்திக்குக் குறுக்காக, தொடாமலே கூடச் சேர்ந்து ஒலிக்கிற ஏழு மெல்லிய தந்திகள். ஃப்ரெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள், தந்தி விரலுக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக. வீணையில் கமகம் பிடித்த விரலுக்கு அந்தக் குழிவு தேவைப்பட்டது. 1975-இல் மேடையில் பதிவான அந்த முதல் இசைத்தட்டில் விக்கு விநாயக்ராமின் கடமும் மெக்லாஃப்ளினின் கிடாரும் மாறிமாறிக் கணக்குச் சொல்கிற இடங்களை எலெக்ட்ரிக் வாசிக்கிற பிள்ளைகள் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தன் கனத்தோடு விழும்.

சில ஆண்டுகள் கழித்து அந்தக் குழு கலைந்தது. பல வருடத்துக்குப் பின் 'ரிமெம்பர் சக்தி' என்று கூடிய பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் நம் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், எலெக்ட்ரிக் மாண்டலினோடு. மெக்லாஃப்ளின் கையில் மறுபடி எலெக்ட்ரிக் கிடார். போனார், வந்தார். திரும்பி வந்த கை போன கை இல்லை.

இந்த இடத்தில் என்னை யாராவது மடக்க வேண்டும். நீங்கள் மடக்காவிட்டால் நானே மடக்கிக்கொள்கிறேன். ஸ்ரீநிவாஸ் பெயரைச் சொன்னீர்களே, அவர் அக்கூஸ்டிக் மாண்டலினால்தான் மேதையானாரா? இல்லவே இல்லை. இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் அவர் கர்நாடக இசையின் கமகத்தைக் கொண்டுவந்தார். சுரம் நிற்க வேண்டும், நின்று வளைய வேண்டும்; அதற்கு மின்சாரம் அவருக்கு வேண்டியிருந்தது. கிடார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் தோடியும் பைரவியும் வாசிக்க முடிவதும் அதனால்தான். லேசான தந்தி, நீண்ட ஒலி. ப்ளூஸில் பி.பி. கிங்கைப் பாருங்கள். ஒற்றைச் சுரம் இழுத்து அதிரவிட்டு வாழ்நாள் முழுக்க உலகை அழவைத்தவர். அவரை நாம் நினைப்பதெல்லாம் எலெக்ட்ரிக்கோடுதான்.

ஒப்புக்கொள்கிறேன். அக்கூஸ்டிக் இல்லாவிட்டால் கலைஞனாக முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் எலெக்ட்ரிக்கை அவமதிக்கிறார்கள். தன் குரல் இன்னதென்று முதல் சில வருடங்களிலேயே கண்டுகொண்ட மேதைக்கு எந்தக் கருவியும் கட்டாயமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள். தேடுகிறவர்களுக்கு இரண்டாவது கதவு ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

வீடு என்றேன். பெற்றோர்களே, இது உங்களுக்கு. உங்கள் பிள்ளை இரவில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் எலெக்ட்ரிக் வாசிக்கிறாள். அவள் காதில் பெரிய இசை நடக்கிறது. உங்களுக்கு என்ன கேட்கிறது? கம்பியில் பிக் உரசுகிற "டிக் டிக்" சத்தம். அவ்வளவுதான். வருடக்கணக்காகக் கற்கிறாள், என்ன கற்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கூஸ்டிக் இருந்தால்? பாட்டி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசிப்பாள். 'இளைய நிலா' முகப்பை வாசிப்பாள். அக்கூஸ்டிக் கிடாரின் தனிக் குரலில் தொடங்குகிற அந்த முகப்பை அறியாத தமிழ் வீடு உண்டா? பாட்டி தலையை நிமிர்த்துவார். "இங்கே கொஞ்சம் தடுக்குதே, கண்ணு" என்பார். அந்தத் தடுக்கலைச் சுட்டிக்காட்ட ஹெட்ஃபோனுக்குள் யார் இருக்கிறார்கள்? தன் வாசிப்பை இன்னொருவர் கேட்கிறார் என்ற உணர்வு கைக்குள் இறங்க வேண்டும். மேடைக்கு வரும் முன்பே இறங்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதைக் கூடத்தில் வாசிப்பது போல வேறெதுவும் கற்றுக்கொடுப்பதில்லை.

சரி, எதை வாங்குவது, எப்போது வாங்குவது? எலெக்ட்ரிக்கில் ஒரு வருடமாவது ஆசையோடு வாசித்த பிறகு வாங்குங்கள். அக்கூஸ்டிக்கில் தொடங்கினால்தான் எலெக்ட்ரிக் தருவேன் என்று பேரம் பேசாதீர்கள். எலெக்ட்ரிக் கேட்ட பிள்ளைக்கு எலெக்ட்ரிக்கைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

விலை உயர்ந்தது வேண்டாம். பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி நம்பகமான கிடார்கள் கிடைக்கின்றன. கடைக்காரர் முழு மரப்பலகை, ஒட்டுப்பலகை என்று இரண்டைக் காட்டுவார். முழு மரத்தின் ஒலி அருமைதான். ஆனால் அதற்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால்தான் சுகம். கடலோர ஊர்களில் நாம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறோம். ஈரம் ஏறினால் முகப்புப் பலகை உப்பும், பிரிட்ஜ் உயரும், தந்தி ஃப்ரெட்டை விட்டு விலகும், பிள்ளை விரல் வலிக்கிறது என்று கிடாரை வைத்துவிடும். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடுகிற அறையில் அதுவே காய்ந்து சுருங்கும். முதல் அக்கூஸ்டிக்குக்கு ஒட்டுப்பலகை போதும், நம் ஊருக்கு அது ஒத்துப்போகும்.

கடையிலேயே ஒன்றைப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் இருந்தால் சரிசெய்து கொடுக்கச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். தந்தி 12 வேண்டாம், முதலில் 11 அல்லது 10 மாட்டிக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் வேண்டுமா என்பார்கள். மேடை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்; இப்போது அந்தக் காசை நல்ல கிடாருக்கும் நல்ல தந்திக்கும் கொடுங்கள்.

வாங்கி வந்ததும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெயில் படாத சுவரில், ஏ.சி. காற்று நேராக அடிக்காத இடத்தில், போகிற வருகிற கை எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள். எலெக்ட்ரிக் வாசிக்கப் போகுமுன் பத்து நிமிடம் அதில் ஒரே ஒரு பாட்டு, பிக் இல்லாமல், கட்டைவிரலால். இந்த மாதம் முழுக்க அது போதும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இரண்டு கிடார்களும் இங்கேயே இருக்கின்றன, தொட்டுப் பார்க்க விரும்புகிற பிள்ளைகள் மேடைக்கு வரலாம்.